பழி சுமந்த கேக்

மூன்று நாளாக முதலாளி எதையும் ருசி பார்க்கவில்லை.

வேறு யாரைப் பற்றிச் சொன்னாலும் இது ஒரு செய்தியே இல்லை. இவரைப் பற்றிச் சொன்னால் பேக்கரியில் மாவு பிசைகிறவர்கள் கையை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவருடைய அப்பா காலத்திலிருந்தே கடையில் ஒரு சட்டம். அடுப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தட்டிலும் ஒரு துண்டு முதலாளி வாய்க்குப் போய்விட்டுத்தான் மிச்சம் கண்ணாடி அலமாரிக்குப் போகும். அதற்கு ஒரு கிளைச் சட்டமும் உண்டு: ருசி பார்ப்பது சாப்பிடுவதில் சேராது. ஆகையால் காலையிலிருந்து பன்னுக்கும் ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் தீர்ப்பு வழங்கிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஒண்ணுமே சாப்பிடலை" என்று அவரால் முழு மனச்சாட்சியோடு சொல்ல முடிந்தது.

அந்தச் சட்டங்களின் மொத்த எடை நூற்றைம்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

வணிகர் சங்க மேடையில் தலைமையுரைக்கு எழுந்தவர் திரும்ப உட்காரும்போது நாற்காலி உடைந்ததையும், விழுந்த இடத்தில் இருந்தபடியே "நான் ஆபரேஷன் பண்ணிக்கறேன்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததையும் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அறிவிப்புக்குக் கிடைத்த கைதட்டல் தலைமையுரைக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ரத்தம், இதயம், நுரையீரல், தூக்கம் என்று ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, வரும் திங்கட்கிழமை இரைப்பையை வெட்டி ஒரு வாழைப்பழ அளவுக்குச் சுருக்குவதாக முடிவாகியிருந்தது. பாக்கி இருந்தது இன்றைய பரிசோதனை ஒன்றுதான். வாய் வழியாக ஒரு கேமரா, பின்வழியாக ஒரு கேமரா. பெருத்த உடம்புக்காரர்களுக்குச் சில புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், வயிற்றில் கத்தி வைப்பதற்கு முன் உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பார்களாம்.

அதற்காகத்தான் மூன்று நாள் பத்தியம். நேற்று வெறும் தண்ணீரும் வடிகட்டிய சாறும், கூடவே உப்புக் கடலைக் கரைத்தது போல் ஒரு மருந்தும். "வயிறு கழுவிவிட்ட தரை மாதிரி ஆயிடும் சார். கடைசியில வெறும் தண்ணிதான் வரும்" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். சொன்னபடியே வந்தது.

அந்தத் தெளிந்த தண்ணீரில் சிவப்பாக ஒரு இழை நீந்திக்கொண்டிருந்தது.

முதலாளிக்கு அந்தச் சிவப்பு புதிதல்ல. பல மாதமாக அவ்வப்போது பார்க்கிறார். முதன்முதலாகப் பார்த்த அன்றே குற்றவாளியையும் பிடித்துவிட்டார்: ரெட் வெல்வெட் கேக். மகள் போன வருஷம் ஆரம்பித்துவைத்த பண்டம். இப்போது கடையின் நட்சத்திரம். அதில் போடும் கலர், கையைச் சிவப்பாக்குகிறது, மேஜையைச் சிவப்பாக்குகிறது, ஏப்ரனை எத்தனை துவைத்தாலும் போவதில்லை. குடலை மட்டும் விட்டுவைக்குமா? பரிசோதனைக்கு முன் "சிவப்பா எதையும் குடிக்காதீங்க, ரத்தம் மாதிரித் தெரியும்" என்று ஆஸ்பத்திரியே எச்சரித்தபோது, தமக்கு விடுதலைத் தீர்ப்பு வந்துவிட்டதாகவே அவர் எடுத்துக்கொண்டார். விசாரணை, வாதம், தீர்ப்பு எல்லாம் கழிவறைக் கதவுக்குப் பின்னால் முடிந்துவிட்டதால் மனைவிக்கோ மகளுக்கோ தகவல் தரவேண்டிய அவசியம் நேரவில்லை.

ஆனால் மூன்று நாளாக அவர் கேக்கின் பக்கமே போகவில்லை. குற்றவாளி ஊரிலேயே இல்லை. குற்றம் மட்டும் நடந்திருக்கிறது.

முதலாளி தண்ணீரைத் திறந்துவிட்டார். போதாதென்று இன்னொரு முறையும் திறந்துவிட்டார்.

*

ஆஸ்பத்திரி லிஃப்டின் இரண்டு கதவுகளிலும் சேர்ந்தாற்போல் பெரிய டாக்டரின் முகம் ஒட்டப்பட்டிருந்தது. கீழே, 'உங்கள் எடை, எங்கள் கவலை' என்ற வாசகம். கதவு திறக்கும்போது முகம் மூக்கோடு இரண்டாகப் பிளந்து, நோயாளிகளை உள்ளே வாங்கிக்கொண்டு மறுபடி புன்னகைத்தது. முதலாளி ஏறியதும் லிஃப்ட் ஒரு முறை முனகியது.

"எல்லாரும் ஏறலாம்னுதான் போட்டிருக்கு" என்றாள் அவர் மனைவி, யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே.

அவளைக் கடையில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூட வந்த மகள் பாப்பா. இருபத்தெட்டு வயதாகியும், கேக் பிரிவு முழுவதும் அவள் கையில் வந்தும், அந்தப் பெயர் மட்டும் வளரவில்லை. அப்பாவின் உடம்பில் பாதிகூட இல்லாத பெண். "அப்பன் சாப்பிடறதைப் பாத்தே இவளுக்கு வயிறு நெறஞ்சிடுது" என்று கடையில் கேலி செய்வார்கள். விடிந்ததும் கேக்குக்குக் கலர் கலந்துவிட்டு வந்தவள், நகக்கண்ணில் ஒட்டிய சிவப்பைச் சுரண்டியபடி நின்றாள்.

அறையில் படுக்கவைத்ததும் நர்ஸ் கேள்விகளை ஆரம்பித்தாள்.

"சுகர் இருக்கா சார்?"

"இருக்கு."

"பிரஷர்?"

"அதுவும்."

"குறட்டை?"

"பக்கத்து வீட்டுல விசாரிச்சுக்கோம்மா" என்றாள் அக்கா.

"மலத்துல ரத்தம் போகுதா?"

முதலாளியின் கட்டைவிரல் படுக்கை விரிப்பின் ஓரத்தை அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்தியது.

"இல்லை."

"குடும்பத்துல யாருக்காவது கேன்சர்?"

"சேச்சே! எங்க குடும்பத்துல எல்லாருக்கும் ஹார்ட்தான்." ஏதோ பரம்பரைப் பட்டத்தைச் சொல்வது போல் சொன்னார். "எங்கப்பாவே ஹார்ட் அட்டாக்தான்."

நர்ஸ் திருப்தியோடு போனாள். அக்கா மட்டும் படுக்கை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டைவிரலை அவளுக்குத் தெரியும். மாவு சரியாகப் புளிக்காதபோது, "அதெல்லாம் புளிச்சிடுச்சு" என்று வாடிக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டே இந்த விரல்தான் இப்படி அமுக்கிப் பார்க்கும்.

*

அப்போதுதான் சிபாரிசு வந்து சேர்ந்தார்.

அக்காவின் தம்பி. ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டில் விற்பவர். கட்டிலைக் கொடுத்துவிட்டால் அதில் படுக்கிறவர்களின் வியாதிகளும் தம் பொறுப்பில் வந்துவிடுவதாக நம்புகிறவர். ஸ்டெதாஸ்கோப் ஒன்றுதான் குறை. மற்றபடி நடை, தலையசைப்பு, ஒருவர் பேசி முடிப்பதற்குள் "ம்ம், புரியுது" என்று நிறுத்துவது எல்லாம் கைவந்துவிட்டன. வரிசை நிற்கிற எந்த இடத்திலும் பின்வாசல் எங்கே என்று கேட்பதால் அந்தப் பெயர். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறார்.

"அத்தான், காலை நீட்டிப் படுங்க. நல்ல சேதி!"

"திங்கட்கிழமையை முன்னாடி தள்ளிட்டாங்களா?"

"அதைவிட. கீழ் வேலை கேன்சல்."

"என்னடா சொல்றே?" என்றாள் அக்கா.

"வாய் வழியா மட்டும் கேமரா விடுவாங்க. பின்னாடி கிடையாது. பெரிய டாக்டர்கிட்டயே பேசிட்டேன். தொந்தரவு ஒண்ணும் இல்லாதவருக்கு அது இப்பவே பண்ணணும்னு கட்டாயம் இல்லையாம். ஆபரேஷன் முடிஞ்சு, ஆறு மாசம் கழிச்சு, ஆளு இளைச்சப்புறம் நிதானமாப் பாத்துக்கலாமாம். இன்னிக்கு வேற அந்த ரூம்ல கூட்டம்." குரலைத் தாழ்த்தினார். "அத்தான், உங்க மானத்தைக் காப்பாத்தியிருக்கேன். சங்கத் தலைவர் உங்களைப் போய்…"

"அந்த மருந்தை மூக்கைப் பிடிச்சிக்கிட்டுக் குடிச்சாரேடா மனுஷன்!"

"வயிறு சுத்தமாச்சுல்லக்கா? அது லாபம்தானே?"

முதலாளி சிரித்தார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கியது போலத்தான் முதலில் இருந்தது. மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கக்கூடச் செய்தார். குலுக்கிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

அவர் போட்ட கணக்கு வேறு. தம் குடலைப் பற்றித் தாமே கோள் சொல்வானேன்? உள்ளே ஏதாவது இருந்தால் கேமரா பார்க்கும்; கேமரா பார்த்தால் டாக்டர் சொல்வார்; டாக்டர் சொன்னால், "அப்படியா!" என்று எல்லோரோடும் சேர்ந்து தாமும் ஆச்சரியப்பட்டுக்கொள்ளலாம். யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

இப்போது கேமரா அந்தப் பக்கமே வராது. வாயைத் திறந்து கேட்டால்தான் வரும். கேட்டால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால் திங்கட்கிழமை போய்விடும்.

*

பெரிய டாக்டர் தனியாக எங்கும் வருவதில்லை. முன்னால் ஒரு உதவி டாக்டர், பின்னால் விளம்பரப் பிரிவுப் பெண், அவளுக்குப் பின்னால் பெரிய லென்ஸோடு ஒரு போட்டோக்காரர். எல்லோரும் நுழைந்ததில் அறையின் காற்று குறைந்தது.

"நம்ம ஹீரோ எப்படி இருக்கார்?" என்றார். நோயாளிகளைப் பார்த்துப் பேசும்போதும் அவர் பார்வை ஓர் அங்குலம் தள்ளி, லென்ஸ் இருக்கும் பக்கமாகவே நிற்கும். "ரெண்டு மாசத்துல ஒன்பது கிலோ! ஆபரேஷனுக்கு முன்னாடியே! நம்ம டயட் சார்ட்டோட சக்தி. போன வாரக் கருத்தரங்குல நாங்க இவரைத்தான் உதாரணமாக் காட்டினோம்." தம்மைப் பற்றிப் பேசும்போது அவர் எப்போதும் நாங்கள்தான். "கைதட்டல்!"

கைதட்டினார்கள். சிபாரிசு மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினார். முதலாளி படுத்தபடியே கும்பிட்டார்.

"திங்கட்கிழமை முடிஞ்சதும் வாசல்ல போர்டு வைக்கிறோம். ஆபரேஷனுக்கு முன்னாடி, ஆபரேஷனுக்குப் பின்னாடி. முன்னாடிக்கு ஒரு நல்ல படம் வேணும். கொஞ்சம்…" கையை விரித்துக் காட்டினார், "முழுமையா இருக்கற படம்."

"பாப்பா போன்ல நெறைய இருக்கு டாக்டர்" என்றார் சிபாரிசு. "கடைத் திறப்பு விழாப் படம் இருக்கு. சட்டைப் பொத்தான் தெறிச்சு நிக்கும். வா பாப்பா, கீழ ஆபீஸ்ல போய்ப் பொறுக்கி எடுத்துடலாம்."

பாப்பா எழுந்தாள். கைக்கடிகாரம் மணிக்கட்டைச் சுற்றி உள்பக்கமாக வழுக்கியது. நிமிர்த்திவிட்டுக்கொண்டு மாமா பின்னால் போனாள். பெரிய டாக்டரும் பரிவாரமும் அடுத்த ஹீரோவைத் தேடிப் போனார்கள்.

அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அந்த டயட்டை நீங்க எப்போ இருந்தீங்க?"

"எந்த…"

"கைதட்டினாங்களே, அந்த டயட்டு. வீட்டுல நான் வச்ச வெள்ளரிக்காயைத் தின்னுட்டு, கடைக்குப் போய்த் தட்டுத் தட்டா ருசி பாத்தீங்க. இந்த மூணு நாள் தவிர ஒரு நாள் விட்டதில்லை. அவங்களுக்குத்தான் தெரியாது. எனக்குமா? ஒன்பது கிலோ எப்படிங்க போச்சு?"

"போனா நல்லதுதானே?"

"நான் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன். கொஞ்ச நேரம் முன்னாடி நர்ஸ் கேட்டப்ப உங்க கட்டைவிரலைப் பாக்கற வரைக்கும்."

முதலாளி கட்டைவிரலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் யாரோ பின்னால் எடுக்க, யாரோ விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாவும் இப்படித்தான் இளைச்சார்" என்றார்.

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"போறதுக்கு முந்தின வருஷம். ஊரே கேட்டுது, என்ன மாயம் பண்ணினீங்கன்னு. தெனம் காலையில நடக்கறேன்னு சொல்லிக்கிட்டார். எங்க நடந்தார்? அடுப்புக்கும் கல்லாவுக்கும்தான்."

"ஹார்ட் அட்டாக்னுதானே சொன்னீங்க?"

"கடைசியில நின்னது ஹார்ட்தான். எல்லாருக்கும் கடைசியில அதுதானே நிக்கும்?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ஆரம்பிச்சது குடல்ல. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். பேக்கரிக்காரனுக்கு வயித்துல நோய்னு வெளிய தெரிஞ்சா எவன் பன்னு வாங்குவான், ஹார்ட்னே சொல்லிடுன்னு அப்பாதான் சொன்னார். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் ஆயிடுச்சு."

"உங்களுக்கு என்ன? அதைச் சொல்லுங்க."

"சிவப்பாப் போகுது."

"எவ்வளவு நாளா?"

"பாப்பா அந்தக் கேக் போட ஆரம்பிச்சு கொஞ்ச நாள் கழிச்சு… அதனால, கேக்னு நெனச்சேன்."

"என்னது?"

"கேக்கோட கலர்னு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குப் பின்னால் அடக்க முடியாமல் தோள் குலுங்கியது. முதலாளியும் கொஞ்சம் சிரித்தார். உலகத்தில் ரத்தத்தைப் பார்த்து ரத்தம் என்று நினைக்காமல் கேக் என்று நினைக்க ஒரு ஆளால் முடியுமென்றால், அது அவள் வீட்டுக்காரராகத்தான் இருக்க முடியும். அப்புறம் தோள் நின்றது. கையை எடுத்தாள்.

"மூணு நாளா கேக் தொடலையே நீங்க."

"அதான்."

"நேத்து?"

"நேத்தும் இருந்தது."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்கார இடம் இருக்காது என்று தெரிந்தும் உட்கார்ந்தாள்.

"அவ கேட்டப்போ இல்லைன்னு எப்படிங்க வாய் வந்துச்சு?"

"திங்கட்கிழமை போயிடும்டி" என்றார் முதலாளி. "உனக்குத் தெரியாது. அடுப்பறைக்கு இறங்கற படியில இறங்கி எத்தனை நாளாச்சு? தட்டை மேல கொண்டுவந்து காட்றாங்க, ஏதோ கோயில் சாமிக்குக் காட்ற மாதிரி. ஷூவுக்கு நீ குனியறே. நடுராத்திரில மூச்சு நின்னு நின்னு வருது. நீ எழுந்து உக்காந்து, அடுத்த மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கே. நான் தூங்கறேன்னு நெனச்சியா? எல்லாம் அந்தத் திங்கட்கிழமையோட போயிடும்னு எண்ணிக்கிட்டிருந்தேன்."

"இன்னும் கொஞ்ச நாள் உக்காந்து பாத்துக்கறேன். எனக்கென்ன கஷ்டம்? பாக்கறதுக்கு ஆளு இருந்தாச் சரி."

கதவை யாரோ தட்டினார்கள். தள்ளுவண்டி வந்திருந்தது.

"நீயே சொல்லிடேன்" என்றார் முதலாளி, அவசரமாக.

"மாட்டேன். உங்க வாய்தானே? ஊர்ல இருக்கற எல்லாத்தையும் ருசி பாத்துத் தீர்ப்புச் சொன்ன வாய். இதையும் அதுவே சொல்லட்டும்."

*

கேமரா அறையில் குளிர் அதிகம். அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு லிஃப்ட் கதவில் இடம் கிடையாது. அதனால் பேச்சும் குறைவு.

"இடது பக்கமாப் படுங்க. மயக்க மருந்து போடுவாங்க. முதல்ல வாயைத் திறங்க."

முதலாளி வாயைத் திறந்தார். பற்களுக்கிடையே வைக்க ஒரு பிளாஸ்டிக் வளையத்தோடு கை நெருங்கியது. அந்த வளையம் உள்ளே போய்விட்டால் பேச முடியாது. மரியாதையாகத் தப்பிப்பதற்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு. கொஞ்சம் வாயைத் திறந்துகொண்டே இருந்தால் போதும்.

அவர் வாயை மூடினார்.

"டாக்டரம்மா, கீழேயும் பாத்துடுங்க."

"அது வேண்டாம்னு சொல்லியிருக்காங்களே."

"யாரு?"

"உங்க மச்சான் பேசினாராம். கட்டில் கொடுக்கறவர்."

"அவன் கட்டிலை மட்டும் பாத்துக்கட்டும். ரத்தம் போகுதும்மா. நர்ஸ் கேட்டப்போ பொய் சொல்லிட்டேன். பல மாசமாப் போகுது." மூச்சு வாங்கியது. "எங்கப்பாவும் ஹார்ட்ல போகலை. குடல் புத்துநோய்."

கையுறை போட்ட கை வளையத்தை மேஜையில் வைத்தது. டாக்டரம்மா திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள்.

பெரிய டாக்டர் இந்த முறை தனியாகவே வந்தார். அதனால் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தார்.

"இது வெறும் ஸ்கிரீனிங்தானே? மூலமாக்கூட இருக்கும். நாங்க திங்கட்கிழமை தியேட்டர் ஒதுக்கிட்டோம். போர்டுக்கு அச்சகத்துல…" என்று ஆரம்பித்து, அச்சகம் என்ற வார்த்தை இந்த அறைக்குப் பொருந்தவில்லை என்பதைத் தாமே உணர்ந்து நிறுத்தினார்.

"தொந்தரவு இல்லாதவங்களுக்குப் பண்ணினாத்தான் ஸ்கிரீனிங். ரத்தம் போறவருக்குப் பண்ணினா அது தேடறது. நீங்க வயித்தைச் சுருக்கிட்டா அப்புறம் இவர் மளமளன்னு இளைப்பார். அது ஆபரேஷனாலயா நோயாலயான்னு யார் கண்டுபிடிக்கறது? இந்த உடம்புல வெளியேருந்து தொட்டுப் பாத்தா கட்டி கைக்குச் சிக்காது. இப்பவே ஒன்பது கிலோ போயிருக்கு, காரணம் தெரியலை."

"அது எங்க டயட் சார்ட்…"

"அதை நான் பாத்ததே இல்லைங்க" என்றார் முதலாளி, இடது பக்கம் திரும்பியபடி.

பெரிய டாக்டர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். அங்கே லென்ஸ் எதுவும் இல்லை.

*

வெளியே நாற்காலி வரிசையில் சிபாரிசுதான் அதிகம் துடித்தார்.

"கீழேயும் பண்றாங்களாம்க்கா! நான் கேன்சல் பண்ணினதை எவன் மாத்தினது? இந்த ஆஸ்பத்திரில இருபது கட்டில் நம்மது!"

"அவரே கேட்டு வாங்கிக்கிட்டார்டா."

"அதையெல்லாமா ஒரு மனுஷன் கேட்டு வாங்குவான்?"

"சும்மா உக்காரு."

கீழேயிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த பாப்பா, "அப்பாவுக்கு என்னம்மா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லை. எல்லாத்தையும் பாத்துடலாம்னு டாக்டர் சொல்றாங்க." முடிவு தெரியாமல் பெண்ணைப் பயமுறுத்துவானேன் என்று அத்தோடு நிறுத்திக்கொண்டாள் அக்கா. உள்ளே அறையில் கேட்டதில் ஒரு எழுத்தைக்கூட அவள் வெளியே விடவில்லை.

கதவு திறந்தது. டாக்டரம்மா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தாள். அக்காவுக்குக் கால் எழுந்தது. உடம்பு கொஞ்சம் தாமதித்து எழுந்தது.

"நல்லா இருக்கார். மயக்கம் தெளியுது. குடல்ல ஒரு வளைவுக்குப் பக்கத்துல ஒரு வளர்ச்சி இருக்கு."

"கட்டியா டாக்டர்?"

"இப்போதைக்கு வளர்ச்சின்னே வச்சுக்குவோம். துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கேன். அடுத்த வாரம் தெரியும். அதுவரைக்கும் நீங்களும் அதுக்கு ஒரு பேர் வைக்காதீங்க. ஆனா அவர் சொன்னது நல்லதாப் போச்சு. இது இன்னும் ஒரு வருஷம் அங்கேயே உக்காந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல விரும்பலை."

"திங்கட்கிழமை?"

"கிடையாது."

சிபாரிசு வாயைத் திறந்தார். திங்கட்கிழமையை யாரிடம் பேசித் திரும்ப வாங்கலாம் என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

"அவரோட அப்பாவைப் பத்தியும் சொன்னார்" என்றாள் டாக்டரம்மா. "குடல் புற்றுநோய் இருந்ததாம். அப்படி இருக்கற குடும்பத்துல ரத்த சொந்தங்களும் ஒரு தடவை பாத்துக்கணும். யாரெல்லாம் இருக்காங்க?"

"கூடப் பொறந்தவங்க இல்லை. இவதான். ஒரே பொண்ணு."

"தாத்தாவுக்கு ஹார்ட் அட்டாக்னுதானே…" என்றாள் பாப்பா. அம்மா மகளின் தோளில் கை வைத்தாள். அதுவே பதிலாயிருந்தது.

டாக்டரம்மா பாப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். "பயப்படாதீங்க. இன்னிக்கே ஓட வேண்டாம். தொந்தரவு எதுவும் இல்லைன்னா நிதானமா ஒரு நாள் வாங்க, பேசுவோம்."

திரைக்கு அந்தப் பக்கம் முதலாளியின் குரல் கேட்டது. மயக்கம் முழுதாகத் தெளியாத குரல். யாரோ டீயும் பிஸ்கட்டும் கொடுத்திருக்கிறார்கள். "ஏம்மா, இதுல வெண்ணெயே இல்லையே? வனஸ்பதி. அடியில வேற தீஞ்சிருக்கு." நர்ஸ் சிரித்தாள்.

"டாக்டர்" என்றாள் பாப்பா. நகக்கண்ணின் சிவப்பை மறுபடி சுரண்ட ஆரம்பித்திருந்தாள். கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. "கேக்குல போடற சிவப்புக் கலர் இருக்கில்ல… அதனாலகூட அப்படித் தெரியுமா?"

"எப்படி?"

"ரத்தம் மாதிரி."

"சில சமயம் தெரியலாம். உங்கப்பாவுக்கு அது இல்லை, நான் பாத்துட்டேன்."

"இல்லை, சும்மாதான் கேட்டேன்."

அக்காவின் காதில் அடுத்த வார்த்தை எதுவும் விழவில்லை. கேக்கின் மேல் போட்ட பழியை அவர் தன்னிடம் மட்டும்தான் சொன்னார். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டது அது. இந்தப் பெண் அப்போது கீழே ஆபீஸில் போட்டோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

யாரும் சொல்லாமல் இவளுக்கு எப்படி அதே யோசனை வந்தது?

கடையில் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். அப்பா ரொட்டிக்குத் தீர்ப்புச் சொல்வார் என்றால், கேக்குக்கு முதல் தீர்ப்புச் சொல்கிற வாய் இவளுடையது.

அக்கா மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். கைக்கடிகாரம் முழங்கைப் பக்கமாகத் தளர்ந்து ஓடியது. போன வருஷம் அவள் பிறந்தநாளுக்கு அளவு பார்த்து, பட்டையை இறுக்கி வாங்கிக் கொடுத்த கடிகாரம்.

"பாப்பா, என்னைப் பாரு" என்றாள். "கடைசியா நீ அந்தக் கேக்கை எப்போ ருசி பாத்தே?"